துணைக்கு ஒருவர்

கோவைப் பக்கத்து வீடொன்றில் பிள்ளை அயல்நாட்டில் ஒரு பருவம் படிக்கப் போகிறது என்ற பேச்சு எழுந்தால், எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம் என்பவையெல்லாம் பிறகு வருகிற கேள்விகள். முதற்கேள்வி, "கூட ஆரு கண்ணு வர்றாங்க?" என்பதுதான். பள்ளிக்காலம் முதற்கொண்டு ஒன்றாகத் திரிந்த தோழியும் அதே ஊருக்கு, அதே மாதம் போகிறாள் என்று தெரிந்ததும் வீட்டின் முகம் மாறிவிடும். பாட்டி மட்டும், "அவிங்க ஊட்ல சரின்னுட்டாங்களா?" என்று இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வார். அதற்குமேல் தடையில்லை. கடவுச்சீட்டுக்கும் வங்கிக்குமாக அலைச்சல் தொடங்கிவிடும்.

தூதரகம் தரும் விசாவுக்கு முன்னால் வீடு தரும் விசா ஒன்று உண்டு. அதில் முத்திரையாக விழுவது பெரும்பாலும் நண்பரின் பெயரே. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது கிட்டத்தட்ட விதி. இதைக் கேலிசெய்வதற்காக நாங்கள் எழுத முற்படவில்லை. தோழி போவதால்தான் இவளும் போக முடிகிறது என்றால் அந்தத் தோழமை வாழ்க. எங்கள் மனக்குறை வேறு. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்பதோடு ஆயத்தம் முடிந்துவிட்டதாக எல்லோரும் கருதிவிடுகிறார்கள். குக்கருக்கு உதிரி ரப்பர் வளையம் எடுத்துவைக்கிற அளவு அக்கறைகூட அந்த நட்பின்மேல் செலுத்தப்படுவதில்லை. நான்கைந்து மாதங்கள் ஓர் அந்நிய ஊரில், ஒருவருக்கு மற்றவரே தாயாகவும் வங்கியாகவும் மருத்துவத் துணையாகவும் இருக்கப்போகும் உறவு அது. பெட்டியில் எடுத்துப்போகிறவற்றுள் மிக எளிதில் உடையக்கூடியதும் அதுவே.

இப்படிப் போய்வருவது இன்று அரிதான செய்தியன்று. இந்திய, அயல்நாட்டு நிறுவனங்கள் கைகோத்து நடத்தும் படிப்புகளுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் விதிகள் வகுத்தது. அவற்றுள் ஒருவகைப் படிப்பில் 30 விழுக்காடு வரையிலான கிரெடிட்டுகளை அயல்நாட்டில் ஈட்டலாம். உலக வங்கியின் துணையோடு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 2017 முதல் நடத்திய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் வழியே கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்களும் குழுக்களாக வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்று திரும்பியிருக்கிறார்கள். பொறியியற் கல்லூரிகளில் ஜெர்மனிப் பருவம் என்பது பழகிய சொல்லாகிவிட்டது. ஆனால் இதைப்பற்றி நம்மிடம் எழுத்து இல்லை. தமிழ்ப் பயண நூல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோதான் தொடங்குகின்றன. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற ஏ.கே. செட்டியார் 1940இலேயே 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலைத் தந்துவிட்டார். அந்த மரபில் வந்த நாம், புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதங்களை இலக்கியத்துக்கு உரிய காலமாக இன்னும் எண்ணத் தொடங்கவில்லை. அந்த மாதங்களின் ஒரே எழுத்து, பலசரக்குச் சீட்டு.

அந்தச் சீட்டும் சாதாரணமானதன்று. எங்களுக்குத் தெரிந்த இரு தோழியர் ஜெர்மனிக்குப் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், நாட்டுச் சர்க்கரை, ரசப்பொடி, அரிசிம்பருப்புக்கென்று பிரித்துக் கட்டிய துவரம்பருப்பு, வீட்டு வெண்ணெயை உருக்கிய நெய் என இரு வீட்டாரும் தனித்தனியே எழுதிய பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தோம். எல்லாம் இரண்டிரண்டு. நெய்யில்தான் இடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால்பொருளும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. தயிரில் ஊறவைத்துக் காயப்போட்ட மோர்மிளகாயும் இந்த விதிக்குள் சிக்கிக்கொள்ளும். பச்சைக் காய்கறி, பழம், இலை வகைகளுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். ஆனால் தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் என ஐந்துக்கு விலக்கு உண்டு. நெய் கூடாது, தேங்காய் கூடும் என்று கேட்ட அம்மா ஒருவர், "அந்த அதிகாரி நம்ம பொள்ளாச்சிப் பக்கமாட்ட இருக்குது" என்றார்.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். செருகியின் வடிவம் மட்டும் வேறு. ஆதலால் இணைப்பான் ஒன்று போதும். அமெரிக்காவுக்குப் போகிறவர்களே மிக்ஸியை விட்டுவிட்டுப் போக வேண்டியவர்கள். இண்டக்ஷன் அடுப்பு இருக்கும் விடுதியில் அலுமினியக் குக்கர் உதவாது. அடி தட்டையான, அதற்கென்று செய்த எவர்சில்வர்க் குக்கர் வேண்டும். குளிர் மேலங்கியை அங்கே போய் வாங்குவதே மேல். திருப்பூரில் தைத்த உள்ளாடையை யூரோ கொடுத்து வாங்கும் வேடிக்கையும் அப்போது நேரலாம். இவையெல்லாம் போனவர்களைக் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறவை. இவற்றிலேயே மூன்று மாதத்தையும் கழித்துவிடுகிறோமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

புறப்பாட்டுக்கான ஆயத்தம் எதில் தவறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பிறந்த ஒருவரின் வாழ்க்கை நல்ல சாட்சி. சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். (கொங்கு நாடு அவரைத் தன் பிள்ளை என்று கோரும்போது தஞ்சைக்காரர்கள் சிரிப்பது நியாயமே, ஆனாலும் கோருவோம்.) அவர் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட கதையை ஓர் ஆயத்தக் கதையாக நாம் படித்ததில்லை.

குறை வைக்காத ஆயத்தம் அது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. பயணத்துக்கும் உடைக்குமாகத் தனியே 100 பவுண்டு. தாயும் மனைவியும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மகனின் குடுமி எடுக்கப்படுவதை அவர்கள் காண வேண்டாம் என்பதற்காக. கோட்டும் காலணியும் பழக்கப்பட்டன. முள்கரண்டியால் உண்ணப் பயிற்சி நடந்தது, உணவு சைவமாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1914 மார்ச் 17இல் 'நெவாசா' கப்பல் சென்னையை விட்டது. ஏப்ரல் 14இல் இலண்டன். இறங்கும் இடத்தில் கணிதவியலாளர் நெவில் காத்திருந்து அழைத்துப்போனார். இன்று ஒரு முகமை பணம் வாங்கிக்கொண்டு செய்கிற அனைத்தும், அதற்கு மேலும் அன்று நடந்திருக்கின்றன.

ஆனால் அங்கே படுக்கையில் எப்படிப் படுப்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராக வாய்த்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பின்னாளில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். குளிர் தொடங்கியிருந்த ஒரு நாள், இரவில் கதகதப்பாகத் தூங்குகிறீர்களா என்று அவர் விசாரித்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு, சால்வையையும் போர்த்திப் படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். போர்வை போதவில்லை போலும் என்று எண்ணிய மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் போதுமான அளவு இருந்தன; எல்லாம் ஆங்கிலேய முறைப்படி மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு ஒன்றால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. அத்தனை கம்பளிகளின் மேலேயே நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

வெள்ளைக்காரன் ஊரில் நம் ஆள் பட்ட பாடு என்று சிரித்துவிட்டு நகர்கிற கதையாகவே இது சொல்லப்படுகிறது. எங்களுக்குப் படுவது வேறு. இராமானுஜன் தாமாகச் சொல்லவில்லை. கேட்டபோதுதான் சொன்னார். சொன்னதைக் கேட்டதோடு நண்பரும் நிற்கவில்லை. எழுந்து போய் அறையைப் பார்த்தார். கேட்பதும் பார்ப்பதும் ஆகிய இரண்டையும் செய்கிறவரையே 'துணை' என்கிறோம் என்றால், ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து போவதனால் மட்டும் ஒருவர் துணையாகிவிட மாட்டார்.

அதே கேம்பிரிட்ஜில் நடந்த இன்னொன்று. நண்பர் சட்டர்ஜியையும் இரு பெண்களையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்து, தாமே சமைத்துப் பரிமாறினார் இராமானுஜன். ரசம் மறுமுறை வந்தபோது வாங்கிக்கொண்டவர்கள், மூன்றாம் முறை போதும் என்று மறுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் விருந்தளித்தவரைக் காணோம். நாட்கள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வந்தது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. பரிமாறியதை அவர்கள் ஏற்கவில்லை என்ற வருத்தத்தில் அறையை விட்டே போய்விட்டார். கொங்கு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. இலையில் 'போதும்' என்று கைமறித்தால் முகம் வாடுகிற அத்தைமார் இல்லாத வீடு எது? ஊரிலிருந்தால் அந்த வாட்டத்தைப் பிறகு ஆற்றிவிட ஆட்கள் இருப்பார்கள். தனியறையில் அது நான்கு நாள் தலைமறைவாகிறது. இரு நண்பர்கள் ஓர் அடுப்பைப் பகிரும் இடத்தில் இப்படி நேர்ந்தால் ஆற்றுவதற்கு மூன்றாமவர் கிடையாது.

1917இல் உடல் நலிந்த பிறகு நிகழ்ந்தவை இன்னும் கொடியவை. மருத்துவ விடுதி மாற்றி மருத்துவ விடுதி, ஒத்துவராத உணவு, போர்க்காலத் தட்டுப்பாடு. மனைவி ஜானகியின் கடிதங்கள் அவருக்குச் சேராதபடி தாயாரால் தடுக்கப்பட்டன என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1918இன் தொடக்கத்தில் இலண்டனில் சுரங்க இரயில் பாதையில் விழுந்து உயிரை விடவும் முயன்றார். 1919இல் திரும்பினார், 1920 ஏப்ரல் 26இல் மறைந்தார். ஐந்தாண்டுகளையும் உலகப்போரையும் இன்றைய ஒரு பருவத்தோடு ஒப்பிட முடியாது என்பதை அறிவோம். ஆனால் ஒன்று மாறவில்லை. அங்கிருப்பவர் தமக்கு நேர்வதை வீட்டுக்குச் சொல்வதில்லை. வீட்டில் நடப்பது அவருக்கு முழுதாய்த் தெரிவதில்லை. காணொளி அழைப்பில் முகம் தெரிகிறது. படுக்கையறைக் கம்பளி தெரிவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே நாம் தோழியை அனுப்புகிறோம். விளைவு என்னவாகிறது? மகளை அழைத்துப் பேசிய அம்மா, வைத்த கையோடு மகளின் தோழியை அழைக்கிறார். "அவ சாப்புடறாளா கண்ணு? நேரத்துல தூங்கறாளா? சனிக்கிழமை எங்க போனீங்க?" அன்பினால்தான் கேட்கிறார். ஆனால் அந்த நொடியில் தோழி வேவுகாரி ஆகிவிடுகிறாள். உண்மை சொன்னால் காட்டிக்கொடுத்தவள். மறைத்தால் பின்னால் ஏதேனும் நேரும்போது, 'உன்னை நம்பித்தானே அனுப்பினோம்' என்ற சொல்லுக்கு ஆளாகிறவள். இருபது வயதுப் பெண்ணின் தோளில் இன்னொரு இருபது வயதுப் பெண்ணின் உயிரையும் மானத்தையும் ஏற்றிவைக்கிறோம். அதை அவளும் ஒரு பெருமையாக ஏற்றுக்கொள்கிறாள். இது முறையன்று என்பதே எங்கள் துணிபு.

ஆகவே தனியே போவதுதான் சரி என்பாரும் உண்டு. பெண் தனியே போவதா என்று மலைப்பவர்களுக்குச் சொல்ல நம் ஊரிலேயே கதை இருக்கிறது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் 1939 வரை பணியாற்றிய தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள், 1924இல் பார்பர் உதவித்தொகை பெற்று மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றவர். 1931இல் அங்கே முனைவரானவர். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, நூறாண்டுக்கு முன்பே கடல் கடந்த பெண். தனிமை மனிதரை வலுவாக்கும், மொழியைப் பழக்கும், புதியவரோடு சேர்க்கும் என்பதெல்லாம் மெய்யே. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். ஜானகி அம்மாளுக்கு ஆண்டுகள் இருந்தன. ஒரு பருவத்துக்குப் போகிறவருக்கு இருப்பது அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும் வகுப்புக்காலம். அதில் முதல் மாதம் நகராட்சிப் பதிவுக்கும் வங்கிக்கும் போகும். நவம்பரில் இருட்டு இறங்கும். கோவையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்; பெர்லினில் டிசம்பர் இறுதியில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லை. அந்த இருட்டில் தனிமை தன் பாடத்தைச் சொல்லித் தந்து முடிக்கும்போது பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். ஆதலால், ஒரு பருவத்துக்கு நண்பரோடு போவதே நல்லது என்கிறோம். ஆனால் ஒரே அறையில் வேண்டாம்.

இதைச் சொன்னதும் எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அறையைப் பகிர்ந்தால் வாடகை மிச்சம், சமையல் மிச்சம், துணையும் ஆயிற்று என்றார்கள். மிச்சம்தான். ஆனால் ஒரே அறை, ஒரே வகுப்பு, ஒரே அடுப்பு என்றானால் அந்த இருவரைச் சுற்றிச் சிறிய காந்திபுரம் ஒன்று முளைத்துவிடும். அதைத் தாண்டி வெளியே போக அவசியமே நேராது. நான்கு மாதம் கழித்துக் கோவையிலிருந்து கோவைக்கே திரும்பி வருவார்கள். ஒரே ஊர், வெவ்வேறு அறை, இயன்றால் ஒன்றிரண்டு பாடமாவது வேறு; வாரத்தில் ஒருநாள் சேர்ந்து சமையல். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். அந்நாளே அதற்குத் தோதானது.

தமிழில் நட்புக்கு எடுத்துக்காட்டு என்றால் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும்தான் முதலில் வருவார்கள். ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்டு, வடக்கிருந்த சோழனுக்கு அருகில் தாமும் வந்து உயிர்நீத்த புலவர். மாபெரும் நட்பு, ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் ஒரே தட்டைப் பங்கிட்டுக்கொண்டதில்லை. நம் இலட்சிய நட்பு தொலைவில் வாழ்ந்த நட்பு. அருகிருந்து வாழும் நட்பைப்பற்றி அக்கறையோடு சிந்தித்தவர் வள்ளுவர்தான். நட்புக்கென அவர் ஒதுக்கிய ஐந்து அதிகாரங்களில் ஒன்று ஆராய்ந்து நட்புக்கொள்வதைப் பேசுகிறது. இன்னொன்று, 'பழைமை', நெடுநாள் பழகிய உரிமையில் நண்பர் கேளாமலே செய்துவிடுவனவற்றைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. பள்ளித் தோழியர் ஒரே அறைக்குள் போனால் இந்தப் பழைமைக்குத்தான் முதலில் சோதனை வரும். அவள் என் போர்வையை எடுத்தாள், என் பருப்புப் பொடியைத் தீர்த்தாள் என்பதெல்லாம் ஊரில் உரிமை. அங்கே, மாதம் நான்கு கழிய வேண்டிய பொடி அது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜெர்மானிய மாணவர் விசாவுக்கு, செலவைத் தாங்க முடியும் என்று காட்ட முடக்கக் கணக்கில் பணம் போடுவது வழக்கமான வழி. 2024 செப்டம்பர் முதல் அதன் அளவு மாதத்துக்கு 992 யூரோ. இருவர் கணக்கிலும் அதே 992தான் மாதாமாதம் விடுபடும். இந்தச் சமத்துவம் ஒரு மாயை. ஒருத்தியின் தகப்பனார் வார்ப்படப் பட்டறை முதலாளியாக இருக்கலாம். அவருக்கு அது ஒரு காசோலை. மற்றவளுக்கு அம்மாவின் நகை வங்கிக்குப் போயிருக்கும். கல்லூரி விடுதியில் நான்காண்டு ஒன்றாக இருந்தபோதும் தெரியாத இந்த வேறுபாடு, 'வர்ற வாரம் பாரிஸ் போலாமா?' என்ற ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். பணம் குறைந்தவள் மறுக்க மாட்டாள்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. போய்விட்டு வந்து மீதி மாதத்தைத் தயிர்சாதத்தில் ஓட்டுவாள். எத்தனை ஊர்ப்பயணம், அதற்கு எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுவதில் இழிவு ஏதுமில்லை.

கடன் கணக்கும் அப்படியே. சிநேகிதத்தில் என்ன கணக்கு என்று நம்மவர்கள் கூசுகிறார்கள். இத்தனைக்கும் திருமண மண்டப வாசலில் மேசை போட்டு, இரண்டு பேர் அமர்ந்து, தாய்மாமன் வைத்த மொய்யையும் பேரேட்டில் ஊர்ப்பெயரோடு எழுதுகிற சமூகம் நாம். எவரும் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. எழுதிவைப்பதால்தான் முப்பது ஆண்டு கழித்தும் உறவு நிற்கிறது என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், வைக்கிறவருக்கும் தெரியும். அந்த மொய் நோட்டின் நாகரிகம் இரு நண்பர்களுக்கிடையில் மட்டும் ஏன் கூடாது? ஞாயிற்றுக்கிழமைச் சமையல் முடிந்ததும் வாரக்கணக்கைத் தீர்த்துவிட்டால் திங்கட்கிழமை முகம் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது நோயைப் பற்றிய பேச்சு. எதை வீட்டுக்குச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று இருவரும் ஊரிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அதை இரு வீட்டாரிடமும் சொல்லியும் விட வேண்டும். எங்கள் ஆலோசனை கறாரானது. யாரோடு பேசினாள், எப்போது அறைக்கு வந்தாள் என்பவற்றுக்குத் தோழி பதில் சொல்ல மாட்டாள். அம்மா கேட்கவும் கூடாது. ஆனால் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஒரு வாரமாக வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறாள் என்றால் தோழி அனுமதி கேளாமல் வீட்டை அழைப்பாள். அதற்காக நட்பு முறியாது. காப்பீட்டு அட்டையின் நகலும், வீட்டில் பதறாமல் பேசக்கூடிய ஒருவரின் எண்ணும் மற்றவர் கையில் இருக்கட்டும். அப்பாவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. பெரும்பாலும் ஒரு சித்தியோ மாமாவோதான் அதற்குப் பொருத்தமாக இருப்பார். ஐரோப்பிய நாடுகளில் அவசர உதவிக்கு 112. ஜெர்மனியில் மாணவர் நல அமைப்புகள் மனநல ஆலோசனையும் அளிக்கின்றன. அதன் முகவரியைப் போனவுடன் இருவரும் சேர்ந்தே சென்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது தனியே தேடிப்போகும் தெம்பு இருக்காது. வாரம் ஒருமுறையேனும் ஒருவர் அறைக்குள் மற்றவர் காலெடுத்து வைக்க வேண்டும். வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பக் கூடாது. மகலனோபிஸ் வாசலில் நின்றிருந்தால் அந்தக் கம்பளிகள் செருகியபடியே கிடந்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும் என்று நாங்கள் சொன்னபோது, மேலே சொன்ன தோழியருள் ஒருத்தியின் பாட்டி முகம் சுளித்தார். "சிநேகிதத்துக்கு எதுக்குங் காயிதம்? நாங்கெல்லாம் எழுதிப் போட்டுட்டா பழகுனோம்?" அவர் தலைமுறையின் சிநேகிதிகள் ஒரே தெருவில் பிறந்து அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். மனத்தாங்கல் வந்தால் அடுத்த நோன்பிக்குள் தீர்த்துவைக்க ஊரே இருந்தது. அந்த ஊரைப் பெட்டியில் கட்டிக் கொடுக்க முடியாததால்தான் காயிதம் என்றோம். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் தாளைக் கிழிக்கவும் இல்லை. நெய்ச்சட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கல்லூரியோடு செய்துகொள்ள வேண்டிய காகிதமும் ஒன்று உண்டு. அங்கே எடுக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும், எத்தனை கிரெடிட் என்பதைப் புறப்படும் முன் துறைத்தலைவரிடம் எழுத்தில் பெற்றுவிட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் போய், திரும்பி வந்து ஒரு பருவப் பாடங்களை மீண்டும் எழுதியவர்களை நாங்கள் அறிவோம். அங்கே பாடத்தை மாற்ற நேர்ந்தால் அன்றே மின்னஞ்சலில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள்வதும் நலம்.

இலக்கிய வாசகர்கள் என்ற உரிமையில் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. போகிற இருவரும் குறிப்பேடு எழுத வேண்டும், தனித்தனியாக. ஒருவர் எழுதியதை மற்றவர் ஊர் திரும்பும்வரை பார்க்கக் கூடாது. ஒரே நகரம், ஒரே குளிர், ஒரே ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு. அவை இரண்டு பேருடைய ஏட்டில் எத்தனை வேறாக இருக்கும் என்று பார்க்க எங்களுக்குக் கொள்ளை ஆசை. பாரிஸ் போன வாரத்தைப் பற்றி இருவரும் எழுதியதைத்தான் முதலில் படிப்போம்.